தம்பியைத் தேடி... காபி மலையில்!

போன வாரம் ஹாஸ்டல் கிச்சனில் நடந்த சாம்பார் யுத்தத்தைச் சொல்லியிருந்தேன். இந்த வாரம் சாப்பாட்டுக் கதை கிடையாது. கொஞ்சம் சீரியஸ் மேட்டர்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஒரு காலேஜ் பையன் என்ன பண்ணுவான்? தூங்குவான். நானும் அப்படித்தான் தூங்கிக்கொண்டிருந்தேன். என் சீனக் க்ளாஸ்மேட் வந்து போர்வையை உருவினான். கையில் தோட்டக் கையுறை, டார்ச், கொசு மருந்து. "கிளம்பு, கல்லறைக்குப் போறோம்"ங்கிறான். யாராவது போயிட்டாங்களோன்னு பதறி எழுந்தேன். "ஆமா, போயிட்டாங்க. 1944-ல"ன்னான்.

சிங்கப்பூரில் படிக்க வந்து மூணு வருஷத்தில் நான் பார்த்ததெல்லாம் லைப்ரரி, லிட்டில் இந்தியா, முஸ்தபா கடை. இந்த ஊரின் நடு மையத்தில் 200 ஏக்கருக்கும் மேலே ஒரு காடு இருக்கிறது, அதற்குள் சுமார் ஒரு லட்சம் கல்லறைகள் இருக்கின்றன என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. பேரு புக்கிட் பிரவுன். 1922-ல் நகராட்சி திறந்த சீனர் இடுகாடு, 1973-ல் மூடிவிட்டார்கள். அங்கே பிரவுன் என்ற வெள்ளைக்கார வியாபாரிக்கு நிலம் இருந்ததால் அந்தப் பேர். ஆனால் பழைய ஹாக்கியன் சீனர்கள் அப்படிச் சொல்வதில்லை. அவர்களுக்கு அது 'கோப்பி சுவா'. அதாவது காபி மலை.

விஷயம் ஆரம்பித்ததே அந்தப் பேரில்தான். என் ஃப்ரெண்டோட பாட்டி (அவன் 'ஆ மா'ன்னு கூப்பிடுவான், நானும் அப்படியே கூப்பிடுறேன்) எண்பதைத் தாண்டி ரொம்ப வருஷம் ஆச்சு. போன சீனப் புத்தாண்டு அன்றைக்கு, எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, திடீரென்று "கோப்பி சுவாவுல என் தம்பி இருக்கான்"னு சொன்னாராம். வீட்டில் யாருக்கும் அப்படி ஒரு தம்பி இருந்ததே தெரியாது. ஆ மாவின் அண்ணன்மார் இரண்டு பேரைத்தான் தெரியும். இருவரும் இப்போது இல்லை.

நடந்தது இதுதான். ஜப்பான்காரன் சிங்கப்பூரைப் பிடித்து வைத்திருந்த காலம், 1942-லிருந்து 1945 வரை. அரிசி ரேஷன். மரவள்ளிக் கிழங்குதான் சாப்பாடு. அம்மாவுக்கே சோறு இல்லை, குழந்தைக்குப் பால் எங்கிருந்து வரும்? ஆ மாவுக்கு அப்போது எட்டு வயது. ஏழு மாதத் தம்பி, சீனப் புத்தாண்டு முடிந்து கொஞ்ச நாளில் போய்விட்டான். தாம்சன் ரோட்டுப் பக்கம் கம்பத்து வீடு. மாமா ஒரு சோப்புக் கட்டி வரும் மரப்பெட்டியில் குழந்தையை வைத்து, சைக்கிள் கேரியரில் கட்டினார். முன் பாரில் ஆ மா. பெட்டி அசையாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமே என்று கூட்டிப் போனாராம். அப்பாவும் அம்மாவும் வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள். வாசல் வரைகூட வரவில்லை.

எனக்குக் கோபமே வந்தது. "பெத்தவங்க எப்படிடா வராம இருப்பாங்க?"ன்னு கேட்டேன். அவன் சொன்ன பிறகுதான் புரிந்தது. வெள்ளை முடிக்காரர் கறுப்பு முடிக்காரரை வழியனுப்பக் கூடாது என்பது சீனர்களின் பழைய வழக்கம். பெரியவங்க சின்னவங்களுக்குத் தலை வணங்கக் கூடாது. பெற்றோருக்கு முன்னால் போகிற பிள்ளை, செய்ய வேண்டிய கடமையைச் செய்யாமல் போன பிள்ளை. அதற்குச் சடங்கு கிடையாது, படையல் கிடையாது. ஏப்ரல் மாதம் சிங் மிங் என்று ஒரு நாள் வரும். குடும்பம் குடும்பமாக வந்து முன்னோர் கல்லறையைச் சுத்தம் பண்ணி, கலர் காகிதங்களைப் பரப்பிக் கல் வைத்துவிட்டுப் போவார்கள். குழந்தை யாருக்கு முன்னோர்? அதற்கு யார் வருவார்கள்? ஒரு தலைமுறை வாயை மூடிக்கொண்டால் போதும், கல்லறை காணாமல் போய்விடும்.

நம்ம ஊரில் மட்டும் என்ன வாழுதாம்? பெரியவர்களை எரிக்கிறோம், பச்சைக் குழந்தையைப் புதைக்கிறோம். அதற்குக் கல்லும் இல்லை, கருமாதியும் இல்லை. இதை அன்றைக்கு நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. வயிற்றுக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது.

சரி, தேடலுக்கு வருவோம். ஒரு லட்சத்தில் ஒன்றை எப்படிக் கண்டுபிடிப்பது? பேர் தெரிந்தால் வழி இருக்கிறது. புக்கிட் பிரவுனின் புதைப்புப் பதிவேடுகளை தேசிய ஆவணக் காப்பகம் பாதுகாத்து வைத்திருக்கிறது. கம்ப்யூட்டரிலேயே பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். ஆங்கிலத்தில், கையெழுத்தில், பேர், வயது, தேதி, கல்லறை எண். ஆனால் ஆ மாவுக்குத் தம்பியின் பேர் தெரியாது! வீட்டில் கூப்பிட்டது 'ஆ காவ்'. ஹாக்கியனில் நாய் என்று அர்த்தம். நாய், பன்றி என்று பேர் வைத்தால் கெட்ட ஆவி 'இது நமக்கு வேண்டாம்'னு விட்டுவிட்டுப் போய்விடுமாம்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவனுக்கு முகம் சுருங்கிப் போச்சு. "டேய், உங்களைப் பார்த்துச் சிரிக்கலை. எங்க ஊர்ல தெருவுக்கு ஒரு பிச்சை, ஒரு குப்பம்மா உண்டு. குழந்தை தங்காத வீட்டில் அடுத்ததைக் குப்பையில் போட்டு எடுத்து அந்தப் பேரை வைப்பாங்க"ன்னு சொன்னேன். என் தாய்மாமாவுக்கே அப்படி ஒரு பேர்தான். என்ன பேர்னு இங்கே போட்டால் ஊரிலிருந்து ஃப்ளைட் பிடித்து வந்து அடிப்பார்.

பிறகு மூணு ராத்திரி லேப்டாப் முன்னால் உட்கார்ந்தோம். ஒரே சீன எழுத்தில் எழுதுகிற குடும்பப் பெயர் ஹாக்கியன்காரர் வாயில் டான், கான்டனீஸ்காரர் வாயில் சான், ஹக்கா வாயில் சின். குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதி வைத்திருப்பார். ஆகவே ஸ்பெல்லிங்கை நம்பக் கூடாது. 1944 பிப்ரவரி, மார்ச் பக்கங்களில் வயதுக் கட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டே போவது என்று முடிவு பண்ணினோம்.

அதுதான் தப்பு. அப்படிப் பார்க்கக் கூடாது. மாதக் கணக்கு, நாள் கணக்கு... எழுதியவர் கை ஒரே சீராக எழுதியிருக்கிறது. இரண்டாவது ராத்திரி நான் பாதியில் எழுந்து போய்விட்டேன். போருக்குப் பிறகும் நிலைமை உடனே மாறிவிடவில்லை. 1950-ல்கூட சிங்கப்பூரில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 80-க்கு மேல் ஒரு வயதைத் தாண்டவில்லை. இன்றைக்கு அந்தக் கணக்கு ஆயிரத்துக்கு இரண்டு போல. ஒரு ஆயுள் காலத்துக்குள் நடந்த மாற்றம்.

மூணாவது ராத்திரி அவன்தான் பிடித்தான். சீனக் குடும்பங்களில் ஒரே தலைமுறை ஆண் பிள்ளைகளின் பேரில் ஓர் எழுத்து பொதுவாக இருக்கும். ஆ மாவின் அண்ணன்கள் இருவருக்கும் பேரில் நடு எழுத்து ஒன்றுதான். பதிவேட்டில் அதே குடும்பப் பெயர், அதே நடு எழுத்தின் உச்சரிப்பு, ஆண், 7 மாதம், பிப்ரவரி 1944. ஆக, நாய்க்குட்டிக்கு ஒரு நல்ல பேர் இருந்திருக்கிறது! அப்பா பதிவு பண்ணும்போது சொல்லியிருக்கிறார். அக்காவுக்குச் சொல்லவில்லை. அந்தப் பேரை நான் இங்கே எழுதவில்லை. அது அந்த வீட்டுச் சொத்து.

அடுத்தது ஒரு பயம். 2011-ல் இந்த இடுகாட்டுக்குக் குறுக்கே எட்டு வழிச் சாலை போடப்போவதாக அரசாங்கம் அறிவித்தது. 2012-ல் சொன்ன கணக்குப்படி 3,746 கல்லறைகள் தோண்டப்பட வேண்டும். பெரிய சர்ச்சை ஆகி, ஓர் ஆய்வுக் குழு வந்து ஒவ்வொரு கல்லறையையும் போட்டோ எடுத்து, அளந்து, படித்துப் பதிவு பண்ணியது. தன்னார்வலர்கள் கும்பலாகக் கிளம்பி, ஜனங்களைக் கூட்டிப் போய்ச் சுற்றிக் காட்டினார்கள். 2014-க்கான உலக நினைவுச் சின்னங்கள் கண்காணிப்புப் பட்டியலில்கூட புக்கிட் பிரவுன் இடம்பெற்றது. இருந்தாலும் சாலை வந்துவிட்டது. லோர்னி ஹைவே, 2018-ல் ஒரு பக்கம், 2019-ல் முழுசாக. உறவினர் யாரும் உரிமை கோராத எலும்புகளை எரித்து, சாம்பலை மூணு வருஷம் வைத்திருந்து, கடலில் கரைப்பது என்று விதி. ஏழு மாதக் குழந்தைக்கு உரிமை கோர யார் வந்திருப்பார்கள்? பட்டியலில் எண்ணைத் தேடும்போது இரண்டு பேருக்கும் கை வேர்த்தது. இல்லை. தப்பித்தான்.

அன்றைக்குத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை.

கெம் ஹாக் ரோடு வழியாகப் போனால் பழைய இரும்பு கேட். உள்ளே போனால் தார் ரோடு, பெரிய பெரிய தூங்குமூஞ்சி மரங்கள். கொஞ்ச தூரம் நடந்தால் சிட்டி சத்தமே இல்லை. இரண்டு பக்கமும் மேடு, மேடெல்லாம் கல்லறை. நாற்காலியின் கைப்பிடி மாதிரி இரண்டு பக்கமும் வளைந்த மதில், நடுவில் கல். சிலதில் பூ டைல்ஸ் இன்னும் பளிச்சென்று இருக்கிறது. பூன் லே, ஜூ சியட் என்று நாம் தினமும் சொல்லும் இடப் பெயர்களுக்குச் சொந்தக்காரர்களும் இங்கேதான் படுத்திருக்கிறார்கள். லீ குவான் யூவின் தாத்தாவும் இங்கேதான். ஒரு தமாஷ்: பூன் லேக்கு ஒரு எம்.ஆர்.டி. ஸ்டேஷன் உண்டு, அவர் படுத்திருக்கும் புக்கிட் பிரவுனுக்கும் சர்க்கிள் லைனில் ஒரு ஸ்டேஷன் கூடு கட்டினார்கள், ஆனால் திறக்காமலே வைத்துவிட்டார்கள். ரயில் அங்கே நிற்காமல் போகும்.

என் ஃப்ரெண்ட் எனக்குக் கல் படிக்கக் கற்றுக்கொடுத்தான். நடுவில் பெரிய எழுத்தில் இறந்தவர் பேர். ஓரத்தில் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பேர் வரிசையாக. தேதிதான் ஜாலி. ஒரு கோடு ஒன்று, இரண்டு கோடு இரண்டு, மூணு கோடு மூணு, கூட்டல் குறி பத்து. வருஷத்தைச் சீனக் குடியரசு ஆண்டில் போட்டிருந்தால் 1911-ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஜப்பான் காலத்துக் கல்லில் சிலதில் ஜப்பான் மன்னர் ஆண்டு இருக்கும்; அதற்கு 1925-ஐக் கூட்டணும். செத்த பிறகும் யார் ஆட்சியோ அவன் காலண்டர்! அழிந்த எழுத்தைப் படிக்க டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் அடிக்கணும். நிழல் விழுந்து எழுத்து எழும்பும். அரை மணி நேரத்தில் நான் பாதி சீனன் ஆகிவிட்டேன்.

குழந்தைக் கல்லை எப்படிக் கண்டுபிடிப்பது என்றும் அப்போதுதான் எனக்கே உறைத்தது. ஓரத்தில் பிள்ளைகள் பேர் இருக்காது. அந்த இடம் மொட்டையாக இருக்கும்.

ஆ மா சொன்ன அடையாளம் ஒன்றே ஒன்று: 'தலைப்பாகை கட்டின இரண்டு கல் மனுஷங்களைத் தாண்டி, இறக்கத்துல.' நான் இதைக் குழந்தைக் கற்பனை என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் நிஜமாகவே சர்தார்ஜிகள் நிற்கிறார்கள்! அந்தக் காலத்துப் பணக்காரச் சீனர் வீட்டுக்குச் சீக்கிய வாட்ச்மேன் வைப்பார்கள். போன பிறகும் காவல் வேண்டுமே, அதனால் கல்லறை முன்னால் துப்பாக்கியோடு கல் சர்தார்ஜி. பிரச்னை என்னவென்றால், ஒரே ஒரு ஜோடி இல்லை. இந்த மேட்டில் ஒன்று, அந்த மேட்டில் ஒன்று. முதல் நாள் முழுக்க சர்தார்ஜி சர்தார்ஜியாகச் சுற்றியதுதான் மிச்சம்.

நடுவில் வழி தவறி ஓங் சாம் லியோங் கல்லறைக்கு வந்து சேர்ந்தோம். 1918-ல் போனவர், கிறிஸ்துமஸ் தீவின் பாஸ்பேட் சுரங்கத்துக்கு ஆள் அனுப்பிச் சம்பாதித்தவர். கல்லறை 600 சதுர மீட்டர். எங்க ஹாஸ்டல் மாடி ஒண்ணு அதுக்குள்ள அடங்கும். அதில் பெற்றோர் பக்தியைச் சொல்லும் 24 சீனக் கதைகளைச் செதுக்கியிருக்கிறார்கள். ஒன்று குவோ ஜூ கதை. வறுமை. கிழத்தாய்க்குப் போட சோறு போதவில்லை, பேரன் பங்கு கேட்கிறான். பிள்ளை இன்னொன்று பெற்றுக்கொள்ளலாம், தாய் இன்னொருத்தி கிடைக்க மாட்டாள் என்று குழந்தையைப் புதைக்கக் குழி தோண்டுகிறான் அப்பன். குழிக்குள் தங்கம் கிடைக்கிறது, குழந்தை பிழைக்கிறது. சுபம். நம்ம சிறுத்தொண்டர் கதையைச் சின்ன வயதில் கேட்டுவிட்டு ராத்திரி தூங்காதவன் நான். எனக்கு இதுவும் பிடிக்கவில்லை. தங்கம் கிடைக்காத குழிகள்தானே இந்த மலை பூரா இருக்கிறது? என் ஃப்ரெண்ட் மட்டும் மெதுவாகச் சொன்னான்: "அந்த மாமா தோண்டும்போது ஏதாவது கிடைக்கும்னு ஆ மா பார்த்துக்கிட்டே இருந்திருப்பாங்க. இந்தக் கதை அவங்களுக்கும் தெரியும்."

இருட்டும் நேரம் வெறுங்கையோடு திரும்பினோம்.

அன்றைக்கு ராத்திரி அம்மாவுக்கு போன் பண்ணினேன். அம்மாச்சிக்கு மாமாவுக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை என்று அரைகுறையாகக் கேட்ட ஞாபகம். "அதுங்களை எங்கம்மா வச்சாங்க?"

"எதுங்களை?"

சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. டவர் போச்சோன்னு பார்த்தேன்.

"அதையெல்லாம் எதுக்குடா கேக்கறே? சாப்பிட்டியா?"ன்னு வைத்துவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி போனோம். இந்த முறை கல்லைத் தேடவில்லை, எண்ணைத் தேடினோம். ஒவ்வொரு குழி ஓரத்திலும் எண் பொறித்த குட்டிக் கல் ஒன்று புதைத்திருப்பார்கள். பெரிய கல்லறைகளின் எண்ணைக் குறித்துக்கொண்டு, ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்து நடந்தால் வரிசை பிடிபடும். நம்ம தெருவில் கதவு எண் தேடுகிற அதே டெக்னிக். ஒரு சர்தார்ஜி ஜோடிக்குக் கீழே, சரிவில், தொட்டாற்சிணுங்கி முள்ளுக்கு நடுவே வரிசை சின்னதாகிக்கொண்டே போனது. முழங்கால் உயரக் கல், பிறகு நம்ம டெக்ஸ்ட் புக் சைஸ் கல், பிறகு கல்லே இல்லை, குட்டி எண்கள் மட்டும். காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றுவிட்டேன். பாசியைச் சுரண்டினால் எண். பக்கத்தில் அடுத்த எண். நம்ம ஆள் எண்ணில் கடைசி இலக்கம் உடைந்திருந்தது. இந்தப் பக்கத்து எண்ணும் அந்தப் பக்கத்து எண்ணும் சரியாக இருந்ததால் அது வேறொன்றாக இருக்க முடியாது.

போன ஞாயிறு ஆ மாவைக் கூட்டி வந்தோம். டாக்ஸி கேட் வரைக்கும். அதற்குப் பிறகு நான் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். கல் சர்தார்ஜிகளைப் பார்த்ததும் நின்று, தலையாட்டி, ஹாக்கியனில் என்னமோ சொன்னார். "இவ்வளவு குள்ளமா இருந்தாங்களா?"ன்னு கேட்கிறாராம்.

இடத்தைக் காட்டினோம். ஒரு புத்தகப் பை அளவுக்குப் பள்ளம், அதில் பெரணிச் செடி. என் ஃப்ரெண்ட் பதிவேட்டில் இருந்த பேரை வாசித்தான். ஆ மா அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். எண்பது வருஷம் கழித்துத் தம்பி பேரைத் தெரிந்துகொள்கிற ஒரு அக்காவின் முகத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. விட்டுவிடுகிறேன்.

கலர் காகிதம் வாங்கி வந்திருந்தோம். ஊதுவத்தியும். ஆ மா தொடவில்லை. அக்கா தம்பிக்கு வணங்கக் கூடாதாம். இந்த வயதிலும் அதை மீற மனசு வரவில்லை. நான் மனசுக்குள் 'அட, இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்'னு நொந்துகொண்டேன். அப்போது பேரனைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார். "நீ செய். உனக்கு இவன் சின்னத் தாத்தா."

லாஜிக் கரெக்ட்தானே! ஏழு மாதமானாலும் முறை முறைதான். 21 வயதுப் பேரன் ஊதுவத்தியைக் கையில் பிடித்து, ஏழு மாதத் தாத்தாவுக்கு மூணு முறை குனிந்து கும்பிட்டான். காகிதத்தை வைத்துப் பறக்காமல் கல் வைத்தான். ஆ மா பக்கத்தில் நின்று, கல் சரியாக இல்லை, இன்னும் தள்ளி வை, இன்னும் தள்ளி என்று விரட்டிக்கொண்டே இருந்தார். மரங்களுக்கு அந்தப் பக்கம் ஹைவேயில் லாரி போகிற சத்தம். "ராத்திரியும் இப்படித்தான் இருக்குமா?"ன்னு கேட்டார். ஆமாம் என்றோம். "தூங்க மாட்டானே"ன்னார்.

திரும்பி ஹாஸ்டலுக்கு வந்து அம்மாவுக்கு போன் போட்டேன். எனக்கு ஒரு பெரியம்மாவும் ஒரு பெரிய மாமாவும் ஆகணும் அந்த இரண்டும், நான் கும்பிடலாம், தப்பில்லை, இடத்தை மட்டும் சொல்லும்மா என்றேன். அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"கிணத்தடி வரப்புல, வேம்புக்குக் கிழக்கால. இப்ப அது ப்ளாட் போட்டு வித்தாச்சு. ஆனா வேம்பு இருக்கான்னு மாமாவைப் பார்த்துட்டு வரச் சொல்றேன்."

மாமா இன்னும் போன் பண்ணவில்லை. அடுத்த வாரம் பார்ப்போம், ஃப்ரெண்ட்ஸ்!